ஏ.பி.டி.டி.யை நீட்டிய மருந்து ரத்தப்போக்கை எப்படி நிறுத்தியது? 26 வருடச் சந்தேகம்

கெடிலக்கரை (கேள்வி)

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன லேப் நடத்துகிறேன். நானும் உதவிக்கு ஒரு பெண்ணும் மட்டும்தான். சர்க்கரை, ஹீமோகுளோபின், யூரின் என்று தினப்படி வருவது போக, ரத்தம் உறையும் நேரம் பார்க்கச் சொல்லி வாரத்துக்கு நாலைந்து சீட்டு வரும். அதற்கு இன்னும் மெஷின் வாங்கவில்லை. வாட்டர் பாத், கண்ணாடிக் குழாய், ஸ்டாப்வாட்ச், என் கண், அவ்வளவுதான்.

போன வாரம் உதவிப் பெண் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே கேட்டாள்: “அக்கா, கணையத்திலிருந்து வர்ற ஒரு சாமான் ரத்தம் உறையாம பண்ணுமாம். இன்னொரு பக்கத்தில அதே சாமான் ரத்தப்போக்கை நிறுத்தும்னு போட்டிருக்கு. எதை எழுதறது?” எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இதே கேள்வி 1999-லிருந்து எனக்குள் கிடக்கிறது.

பரணிலிருந்து பழைய ரெக்கார்டு நோட்டை இறக்கினேன். தானே புயலில் கூரை ஒழுகி ஊறிய நோட்டு. அட்டை அப்பளம் மாதிரி நெளிந்திருக்கிறது. ஆனால் மை கலையவில்லை. புதுச்சேரியில் டி.எம்.எல்.டி. என்ற லேப் டிப்ளமா படித்தபோது மேடம் ஒரு நாள் ட்ரசிலால் குப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். மருந்தின் பெயர் அப்ரோடினின். “டிரிப்சின் என்பது புரதத்தைச் செரிக்கும் நொதி. இது மாட்டுக் கணையத்தில் கண்டுபிடித்த டிரிப்சின் தடுப்பான். மருந்துக்கு இப்போது மாட்டு நுரையீரலிலிருந்து எடுக்கிறார்கள்” என்றார். எங்கள் பிளாஸ்மாவிலேயே அதைச் சில சொட்டு கலந்து சோதனை செய்யச் சொன்னார்.

நோட்டில் இருப்பது ஏ.பி.டி.டி. என்ற உறைதல் நேரச் சோதனை. 0.1 மில்லி பிளாஸ்மா, 0.1 மில்லி கயோலின் கலந்த ரீஏஜென்ட், 37 டிகிரியில் மூன்று நிமிடம், அப்புறம் 0.1 மில்லி கால்சியம் குளோரைடு. சும்மா பிளாஸ்மா 34 விநாடியில் உறைந்தது. மருந்து கலந்தது 71 விநாடி. பி.டி. என்ற இன்னொரு உறைதல் நேரச் சோதனையில் பெரிய மாற்றமில்லை: 13, 14. கீழே நானே எழுதியிருக்கிறேன்: “ஆகவே இது உறைதலைத் தடுக்கும்.” மேடம் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறார்.

அடுத்த பக்கத்தில் “பகுதி 2 – மதியம்” என்று தலைப்பு, ஓரக்கோடு, அதற்கப்புறம் வெள்ளைத்தாள். அன்றைக்கு மூன்று மணி கடலூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன். வீட்டில் அம்மாவுக்குக் காய்ச்சல். பகுதி 2 என்னவென்று இன்றுவரை தெரியாது.

அந்த மருந்து ரத்தப்போக்கைக் குறைப்பதற்காக இதய ஆபரேஷனில் கொடுத்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். 34-ஐ 71 ஆக்கிய மருந்து ரத்தப்போக்கைக் குறைக்கிறதா? யாராவது லேப்காரிக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

---

வில்வநகர் வாசி

இதுக்கு எதுக்கு மருந்து? ஞாயித்துக்கிழமை ஆட்டுச் சுவரொட்டி வாங்கிச் சுட்டுச் சாப்பிடுங்க. ரத்தம் ஊறும், உறையவும் செய்யும். எங்க பாட்டி வைத்தியம்.

---

கெடிலக்கரை

அண்ணா, சுவரொட்டி மண்ணீரல். நான் கேட்பது கணையம். கறிக்கடையில் அது குடலோடு போய்விடும், தனியாக யாரும் கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. அதோடு இந்த மருந்தைச் சாப்பிட்டுப் பயனில்லை, ஊசி வழியாக நேரே ரத்தத்தில்தான் ஏற்றுவார்கள். சுவரொட்டி நன்றாக இருக்கும், மறுக்கவில்லை.

---

பம்ப்காரன், முத்தியால்பேட்டை

தங்கச்சி, நான் ஹார்ட்-லங் மெஷின் ஓட்டியவன், ஆபரேஷனில் இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் மெஷின். சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடம். ரிட்டயராகி இங்கே வந்து கடல் பார்க்கிறேன். விஞ்ஞானம் வேறு யாராவது சொல்லட்டும், நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒருமுறை நெஞ்சைத் திறந்தவருக்கு மறுபடி திறப்பது இருக்கிறதே, அதுதான் எங்களுக்குப் பயம். உள்ளே எல்லாம் ஒட்டிப்போய்க் கிடக்கும். பிரிக்கப் பிரிக்கக் கசியும். ஒரு குழாய் அறுந்து கொட்டினால் கட்டிவிடலாம். இது அப்படி இல்லை, ஈரச்சுவர் மாதிரி எல்லா இடத்திலும் வேர்க்கும். தையல் போட இடமே இருக்காது. எட்டு யூனிட், பத்து யூனிட் ரத்தம் ஏற்றிய கேஸ்கள் உண்டு. அப்ரோடினின் வந்தபிறகு அதே மாதிரி கேஸில் சர்ஜன் பஞ்சை வைத்து எடுப்பார், பஞ்சு வெள்ளையாகவே வரும். முதல் தடவை பார்த்தபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இது தற்செயலாகக் கிடைத்த வித்தை. லண்டன் ஹேமர்ஸ்மித்தில் ராய்ஸ்டன் குழுவினர் இதைக் கொடுத்துப் பார்த்தது ரத்தப்போக்குக்காக அல்ல. மெஷினில் ஓடிய ரத்தத்தால் நுரையீரலுக்கு வரும் அழற்சியைக் குறைக்கலாமா என்று. ஆனால் ஆபரேஷன் செய்தவர்களுக்கு நெஞ்சுக்கூடு காய்ந்து கிடப்பது கண்ணில் பட்டுவிட்டது. 1987-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். 22 பேர், எல்லோருக்கும் இரண்டாம் முறை ஆபரேஷன். மருந்து பெற்றவர்களுக்குச் சராசரியாக 286 மில்லி ரத்தம் போனது, பெறாதவர்களுக்கு 1,509 மில்லி. ஐந்தில் ஒரு பங்கு! அதற்கப்புறம் உலகம் முழுக்க ஓடியது. அளவும் கொஞ்சநஞ்சமில்லை: முதலில் 20 லட்சம் யூனிட், மெஷினுக்குள் 20 லட்சம், பிறகு மணிக்கு 5 லட்சம்.

இப்போது உன் 34-க்கும் 71-க்கும் வருகிறேன். எங்களுக்கும் அதே தொல்லை இருந்தது. மெஷினுக்குள் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் கொடுப்போம். போதுமா என்று பார்க்க ஏ.சி.டி. என்றொரு சோதனை, தியேட்டரிலேயே செய்வது. 480 விநாடி தாண்டினால் பம்பை ஓட்டலாம். அந்தக் குழாயில் செலைட் என்ற பொடி போட்டிருப்பார்கள். அப்ரோடினின் ஓடும் ஆளிடம் செலைட் குழாயில் எடுத்தால் 700, 800 என்று காட்டும். ஆகா, ஹெப்பரின் ஏராளம் என்று தோன்றும். பொய். ஹெப்பரின் குறைந்துகொண்டே இருக்கும், எண் மட்டும் உயரத்தில் நிற்கும். கயோலின் குழாயில் இந்த ஏமாற்று குறைவு, கயோலின் அந்த மருந்தை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். செலைட்தான் கையில் இருக்கிறது என்றால் 750-க்குக் கீழே விடாதே என்பது விதி.

ஒரு நாள் புதுப் பையன் ஒருவன் 620 என்று கத்தினான், “சார், ஹெப்பரின் வேண்டாம்” என்றான். மயக்க மருந்து டாக்டர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சிரிஞ்சை எடுத்து ஏற்றிவிட்டார். ஆபரேஷன் முடிந்தபிறகு நான் மெஷினின் ரத்தத் தொட்டியான ரிசர்வாயரைக் கழற்றினேன். வடிகட்டி மூலையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. அந்த ஏற்றலும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்கும்.

ஆக, கண்ணாடிக்குள் காட்டும் நேரம் வேறு, ஆளுக்குள் நடப்பது வேறு. ஏன் என்று மட்டும் எனக்குச் சொல்லத் தெரியாது.

---

கெடிலக்கரை

அண்ணா, புளியங்கொட்டை என்றதும் கை நின்றுவிட்டது. நான் தினமும் விநாடி எண்ணி ரிப்போர்ட் எழுதுகிறவள். எண் உயரமாக இருந்தால் ஆள் ரத்தம் கொட்டுவான் என்றுதான் இத்தனை நாள் மனசுக்குள் ஒரு கணக்கு. அது எங்கே தப்பாகிறது?

---

பழைய வாத்தியார்

நான் உயிர்வேதியியல் பாடம் எடுத்தவன், சிதம்பரம் பக்கம். பகுதி 2 என்னவாக இருந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். டிரிப்சின் ஒரு பாக்குவெட்டி. புரதச் சங்கிலியில் லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு மணிகள் (அமினோ அமிலங்கள்) வரும் இடத்தில் மட்டும் வெட்டும். அந்த மணி நுழைய அதன் வாயில் ஒரு குழி. கணையத்துத் தடுப்பான் 58 மணி கொண்ட சின்னப் புரதம், மூன்று கந்தகப் பாலங்களால் இறுக்கிக் கட்டிய முடிச்சு. அதன் 15-ஆவது மணி லைசின். அது டிரிப்சினின் குழிக்குள் கச்சிதமாகப் போய் உட்காரும். வெட்டி வாயை மூடப் பார்க்கும், முடியாது. கூழாங்கல் சிக்கிய பாக்குவெட்டியைப் பார்த்திருப்பீர்கள், அப்படி. புரதங்கள் ஒன்றையொன்று பிடிக்கும் பிடிகளில் இவ்வளவு இறுக்கமானது அபூர்வம்.

1936-இல் அமெரிக்காவில் குனிட்ஸும் நார்த்ரப்பும் மாட்டுக் கணையத்திலிருந்து இதைப் படிகமாக எடுத்தார்கள். அதற்கு முன்பே 1930-இல் ஜெர்மனியில் ஃப்ரை, க்ராவுட், வெர்லே ஆகியோர் காலிக்ரீன் என்ற நொதியைச் செயலிழக்க வைக்கும் ஒன்றை மாட்டுத் திசுக்களில் கண்டார்கள். காலிக்ரீன் என்ற பெயரே கணையத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒருவர் டிரிப்சின் தடுப்பான் என்றார், இன்னொருவர் காலிக்ரீன் தடுப்பான் என்றார், இரண்டும் ஒரே பொருள் என்பது 1960-களில்தான் உறுதியானது. உங்கள் குழப்பத்துக்குப் பூர்வீகம் இருக்கிறது பாருங்கள். இன்னொன்று: 1948-இல் கசால் குழுவினர் கணையத்திலிருந்து வேறொரு தடுப்பானைப் படிகமாக்கினார்கள். தங்கள் கட்டுரைத் தலைப்பிலேயே அதை ‘டிரிப்சின் தடுப்பான், உறைதல் எதிர்ப்பான்’ என்று சேர்த்து எழுதினார்கள். உதவிப் பெண் படித்தது அந்த வம்சத்திலிருந்து வந்த வரியாக இருக்கலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரத்தம் உறையவும் வெட்டிகள்தான் வேலை செய்கின்றன. 12, 11, 10 என்று எண்ணிட்ட காரணிகள், கடைசியில் த்ராம்பின், எல்லாம் டிரிப்சினுக்குப் பங்காளிகள். உறைந்த கட்டியைக் கரைக்கும் பிளாஸ்மினும் அதே குடும்பம். கல் எந்த வெட்டியின் வாயில் சிக்குகிறது என்பதுதான் கேள்வி.

த்ராம்பினின் வாய் குறுகல். ஓரத்தில் ஒரு வளையம் நீட்டிக்கொண்டிருக்கும், அப்ரோடினின் உள்ளே போக இடம் தராது. அதனால் உறைதலின் கடைசி அடியை இந்த மருந்து தொடுவதில்லை. பி.டி. 13-லிருந்து 14-க்கு மேல் போகாதது அதனால்தான். ஆனால் காலிக்ரீனின் வாயில் நன்றாகச் சிக்கும். ஏ.பி.டி.டி.யில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கயோலின் என்ற களிமண்ணைப் போடுகிறீர்கள். களிமண்ணைத் தொட்டதும் 12-ஆம் காரணி விழிக்கிறது, அது காலிக்ரீனை எழுப்புகிறது, காலிக்ரீன் திரும்பி வந்து இன்னும் நிறைய 12-ஐ எழுப்புகிறது. மருந்து அந்தக் காலிக்ரீனை முடக்குகிறது. விழிப்பு மெதுவாகிறது, 71 விநாடி. உங்கள் குப்பியில் கயோலின் கொஞ்சம் மருந்தை ஒட்டிப் பிடித்தும் 71 என்றால், மேடம் கை தாராளமாகக் கலந்திருக்கிறார்!

ஆனால் நம் ரத்தக்குழாய்க்குள் களிமண் ஏது? காயம் பட்டால் உறைதல் தொடங்குவது திசுவில் இருக்கும் திசுக்காரணி என்ற புரதம் வழியாக, 7-ஆம் காரணியைப் பிடித்துக்கொண்டு. 12, காலிக்ரீன் இரண்டும் இல்லாமலேயே அது நடக்கும். இதற்குச் சாட்சி ஜான் ஹேஜ்மன் என்ற அமெரிக்க ரயில்வே ஊழியர். அவர் ரத்தம் கண்ணாடிக் குழாயில் உறையவே மாட்டேன் என்றது. 12-ஆம் காரணியே இல்லை. 1955-இல் ராட்னாஃப் இதை எழுதினார், அந்தக் காரணிக்கு ஹேஜ்மன் பெயரே நிலைத்தது. அவருக்கு ரத்தப்போக்கு நோய் எதுவும் கிடையாது. 1968-இல் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து இறந்தார். உறையாத ரத்தக்காரர் என்று பெயர் எடுத்தவர், உறைந்து போனார்.

காலிக்ரீனின் முன்னோடி இல்லாதவர்களும் அப்படித்தான். ஏ.பி.டி.டி. நீளும், ரத்தம் போகாது. உங்கள் லேபிலேயே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: மூன்று நிமிடத்துக்குப் பதில் பத்து நிமிடம் கயோலினோடு ஊறவிட்டால் நேரம் சரியாகிவிடும். 12 மெதுவாகத் தானே விழித்துக்கொள்ளும்.

இனி மறுபக்கம். ரத்தம் ஹார்ட்-லங் மெஷினின் பிளாஸ்டிக்கில் ஓடும்போது உடலுக்குள் பிளாஸ்மின் ஏராளமாகக் கிளம்புகிறது. காயத்தின் வாயில் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலை கட்டக் கட்ட, பிளாஸ்மின் அதை நறுக்கிப் போடுகிறது. பம்ப்கார ஐயா சொன்ன ஈரச்சுவர் அதுதான். அப்ரோடினின் பிளாஸ்மினின் வாயில் நன்றாகச் சிக்கும். கட்டிய வலை நிலைக்கிறது. கசிவு நிற்கிறது.

அம்மா, உங்கள் ஸ்டாப்வாட்ச் கட்டி உண்டாகும் நேரத்தை அளக்கிறது. உண்டான கட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை அளப்பதில்லை. கட்டி தெரிந்ததும் நீங்கள் கடிகாரத்தை அமுக்கிவிட்டு அடுத்த குழாய்க்குப் போய்விடுகிறீர்கள். பகுதி 2 அதற்கப்புறம் நடப்பதைப் பற்றியதாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

---

அரியாங்குப்பம் அக்கா

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் தம்பிக்குக் கணைய அழற்சி, ஆஸ்பத்திரியில் ஆறு நாளாகப் படுத்திருக்கிறான். காரணம் என்னவென்று சொல்ல வேண்டாம், எங்கள் தெருவில் கடை எத்தனை என்று எண்ணினால் தெரியும். உலினாஸ்டாடின் என்று ஒரு மருந்து சொட்டு போட்டார்கள், விலை கேட்டு மயக்கமே வந்தது. அதுவும் டிரிப்சின் தடுப்பான் என்று நர்ஸ் சொன்னார். வயிற்றில் தினமும் ஹெப்பரின் ஊசி வேறு. நேற்று பி.டி. கொஞ்சம் கூட என்றார்கள். இரண்டு பக்கமும் ரத்தத்தை இழுக்கிற மாதிரி இருக்கிறது. பயமாக இருக்கிறது.

---

பழைய வாத்தியார்

தாயே, பயம் இருக்கத்தான் செய்யும். தம்பியைப் பார்க்கும் டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை, நான் பாடம் மட்டும் சொல்கிறேன்.

உலினாஸ்டாடின் கணையத்திலிருந்து வருவதில்லை. நம் கல்லீரல் செய்யும் புரதம், சிறுநீரில் வெளியேறுகிறது. மனிதச் சிறுநீரிலிருந்தே சுத்தம் செய்து எடுக்கிறார்கள். அதில் அப்ரோடினின் மாதிரியே இரண்டு முடிச்சு உண்டு, ஆகவே பங்காளி. கணையத்திலிருந்து தப்பித்து ஓடும் வெட்டிகளை அடக்குவதற்காகக் கொடுக்கிறார்கள். ஹெப்பரின் ஊசி வேறு வேலைக்கு. டிரிப்சின் ரத்தத்தில் கலந்தால் புரோத்ராம்பினை வெட்டி த்ராம்பின் ஆக்கவும் முடியும், அழற்சியும் உறைதலைத் தூண்டும், ஆளும் அசையாமல் படுத்திருக்கிறான். காலில் கட்டி வரலாம். கணையத்தின் முதுகை ஒட்டி ஓடும் மண்ணீரல் சிரையிலும் வரலாம். அதைத் தடுக்க.

பி.டி. கூடுவதற்கு இந்த நோயில் சாதாரணக் காரணம் பெரும்பாலும் வைட்டமின் கே. ஆறு நாள் சாப்பாடு இல்லை, ஆன்டிபயாடிக் ஓடினால் குடல் கிருமியும் குறையும், பித்தநாளம் அழுந்தியிருந்தால் கொழுப்பில் கரையும் வைட்டமின் உள்ளே ஏறாது. கல்லீரல் களைத்திருந்தாலும் கூடும். “வைட்டமின் கே ஊசி போட்டாச்சா, பித்தநாளத்தில் அடைப்பு இருக்கா” என்று இரண்டே கேள்வி டாக்டரிடம் கேளுங்கள்.

நம் கணையத்துக்கே சொந்தமாக ஒரு தடுப்பான் உண்டு, 56 மணி. கசால் கண்டதன் மனித வடிவம். டிரிப்சின் கணையத்துக்குள்ளேயே அவசரப்பட்டு விழித்தால் வாயில் துணி வைக்கிற காவல்காரன். அதன் மரபணுவில் ஒரு சின்ன மாற்றம் இந்தியாவில் குடிக்காதவர்களுக்கு வரும் கல் கட்டிய கணைய நோயில் நிறையப் பேரிடம் காணப்படுகிறது. அந்த நோயைப் பற்றிக் கேரளத்தில் கீவர்கீஸ் என்ற டாக்டர் நிறைய எழுதினார். அதனால் வயிற்றுவலி என்று வந்த எல்லோரையும் குடிகாரன் என்று பார்க்காதீர்கள் என்று மாணவர்களுக்குச் சொல்வேன். உங்கள் தம்பி விஷயம் வேறு, நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

---

கெடிலக்கரை

அக்கா, லேப் பக்கத்திலிருந்து ஒன்று. நாளைக்கு ரத்தம் எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். நீலமூடிக் குழாயில் ஒரு கோடு இருக்கும், ரத்தம் அதுவரை வர வேண்டும். உள்ளே ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் 0.3 மில்லி இருந்தால் ரத்தம் 2.7 மில்லி. பாதிதான் நிரம்பியது என்றால் சிட்ரேட் மிஞ்சி நேரம் பொய்யாக நீளும். ஹெப்பரின் போட்டு அலசிய குழாய் வழியாக எடுத்தாலும் ஏ.பி.டி.டி. நீளும். என் லேபுக்கு வரும் விபரீத எண்களில் பாதி இந்த இரண்டும்தான். தம்பி சீக்கிரம் வீட்டுக்கு வரட்டும்.

வாத்தியார் ஐயா, கட்டி தெரிந்ததும் கடிகாரத்தை அமுக்கிவிட்டுப் போய்விடுகிறீர்கள் என்றீர்களே, அது என்னைத்தான் குத்தியது. இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்தபிறகு ஒரு குழாயை வாட்டர் பாத்திலேயே விட்டுப் பார்த்தேன். காலையில் அப்படியே இருந்தது, கரையவில்லை. அப்போ பிளாஸ்மின் எங்கே போனது?

---

பழைய வாத்தியார்

அது தூங்கும். பிளாஸ்மினோஜன் என்ற உருவில் பிளாஸ்மாவில் கிடக்கும், யாராவது எழுப்ப வேண்டும். உடலில் ரத்தக்குழாயின் உட்சுவர் எழுப்பும், உங்கள் கண்ணாடிக்குச் சுவரேது? வெளியிலிருந்து எழுப்பும் மருந்து ஸ்ட்ரெப்டோகைனேஸ், மாரடைப்புக்குப் போடுவார்கள். அதைச் சேர்த்தால் கட்டி கண்ணெதிரே கரையும்.

இன்னொரு ஒப்பீடு. ஜப்பானில் நஃபமோஸ்டாட் என்றொரு செயற்கை மருந்து செய்தார்கள். கணைய அழற்சிக்கும் கொடுக்கிறார்கள், டயாலிசிஸ் மெஷினில் ரத்தம் உறையாமலிருக்கவும் கொடுக்கிறார்கள். அதுவும் வெட்டித் தடுப்பான்தான், ஆனால் சின்ன மூலக்கூறு, த்ராம்பினின் குறுகிய வாயிலும் புகுந்துவிடும். ஆகவே அது உறைதலைத் தடுக்கிறது. நம் ரத்தத்திலேயே அப்ரோடினின் முடிச்சு மூன்றைக் கோத்த புரதம் ஒன்று ஓடுகிறது, 10-ஐயும் 7-ஐயும் பிடித்து வைக்கிறது. இந்தக் குடும்பத்தை ‘உறைய வைப்பது’, ‘உறையாமல் செய்வது’ என்று ஒரே பெட்டியில் போட முடியாது. உங்கள் உதவிப் பெண் பரீட்சையில் எந்த வெட்டி என்று எழுதினால் முழு மதிப்பெண் போடுவேன்.

---

பம்ப்காரன், முத்தியால்பேட்டை

வாத்தியார் ஐயா, பதினெட்டு வருடம் அந்த மெஷினை ஓட்டியவனுக்கு இன்றைக்குத்தான் ஏன் என்று தெரிந்தது. பாக்குவெட்டிக்கு நன்றி.

இதன் கடைசியையும் சொல்லிவிடுகிறேன். கனடாவில் 2,331 பேரை வைத்து ரத்தப்போக்கைக் குறைக்கும் மூன்று மருந்தை ஒப்பிட்டார்கள். அப்ரோடினின் பெரிய ரத்தப்போக்கைக் குறைத்தது, ஆனால் 30 நாளுக்குள் இறந்தவர்கள் அதில் 100-க்கு 6, மற்ற இரண்டில் 4 அளவில். 2007-இல் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள், மருந்தும் கடையிலிருந்து போனது. ஐரோப்பாவில் 2012-இல் தடையை எடுத்தார்கள் என்பது வேறு கதை. எங்கள் தியேட்டரில் அதற்குப் பதில் அந்த மூன்றில் ஒன்றான ட்ரனெக்சாமிக் ஆசிட் வந்தது. விலை சல்லிசு. பஞ்சு முன்பு மாதிரி அவ்வளவு வெள்ளையாக வராது, ஆனால் போதும். எனக்கு அந்தக் குப்பி மேல் ஒரு பிரியம் இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். கண்ணுக்குக் காய்ந்து தெரிவதைப் பார்த்து நாங்கள் மயங்கியிருந்தோம்.

---

பழைய வாத்தியார்

ட்ரனெக்சாமிக் வாயில் கல்லைப் போடுவதில்லை. வலையில் லைசின் மணிகளைப் பிடித்துத் தொங்கித்தான் பிளாஸ்மினோஜன் வேலையைத் தொடங்கும். அந்தப் பிடியில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது. காலிக்ரீனைத் தொடாது. அதனால் ஏ.சி.டி.யும் பொய் சொல்லாது.

---

கெடிலக்கரை

கடைசியாக ஒன்று. அன்றைக்கு என் பெஞ்ச் தோழி பஸ்ஸைப் பிடிக்காமல் இருந்தாள், அவள் வீடு வில்லியனூர். நம்பர் தேடிப் பிடித்து நேற்று இரவு பேசினேன். 26 வருடம் கழித்துப் பேசுகிறோம், முதல் அரைமணி நேரம் பிள்ளைகள் பற்றி. அப்புறம் கேட்டேன், ரெக்கார்டு இருக்கா என்று. “அதை எவ பத்திரமா வச்சிருப்பா” என்றாள். காலையில் போன். பீரோவுக்கு அடியில் ஆட்டம் நிற்க முட்டுக்கொடுத்த நோட்டுக் கட்டுக்குள் அதுவும் ஒன்றாம்.

போனிலேயே படிக்கச் சொன்னேன். அவள் படிக்கப் படிக்க என் வெள்ளைப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்:

“பகுதி 2. இரண்டு குழாய். இரண்டிலும் பிளாஸ்மா, ஸ்ட்ரெப்டோகைனேஸ். இரண்டாவதில் மட்டும் அப்ரோடினின். கால்சியம் சேர்த்து உறைய விட்டது 3.05. குழாய் 1: 3.20-க்கு ஓரம் இளகியது, 3.35-க்குத் தண்ணீர். குழாய் 2: 3.35-க்குக் கவிழ்த்துப் பார்த்தது, கட்டி விழவில்லை. 4.10-க்கும் விழவில்லை. மேடம் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.”

3.05-க்கு என் பஸ் கிளம்பியிருக்கும்.

உதவிப் பெண் அந்தப் பக்கத்தை மொபைலில் படம் எடுத்துக்கொண்டாள். சிவப்புக் கேள்விக்குறியையும் சேர்த்து எடு என்றேன்.